தண்ணீர்மேல் நிற்கும் குமிழி: அதன் நிறங்களை மிகக் கிட்டத்தில் படமெடுக்கும் முறை

தண்ணீரில் நிற்கும் சவர்க்காரக் குமிழிக்குச் சொந்த நிறம் கிடையாது. அதன் தோலின் வெளிப்பக்கத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் உட்பக்கத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சேரும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில அழிந்துபோகின்றன. எந்த நிறம் வலுக்கும் என்பதைத் தோலின் தடிப்பு தீர்மானிக்கிறது. அந்த நிறம் கமராவுக்குத் தெரியுமா என்பது குமிழியைச் சுற்றி எங்கெங்கே வெளிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே கையாள வேண்டியவை இரண்டு: தோல் மெலியும் நேரம், குமிழியின் எதிரே இருக்கும் வெளிச்சம். லென்ஸ் அதற்குப் பிறகுதான். தேவையான சாமான்கள் எல்லாமே கிளிநொச்சி, வவுனியா கடைகளில் கிடைப்பவைதான். ஆனால் வன்னியின் தண்ணீருக்கும் காற்றுக்கும் தனியாகச் சில கவனங்கள் வேண்டும்.

தண்ணீரும் கரைசலும்

வன்னியின் பல கிணறுகளிலும் குழாய்க்கிணறுகளிலும் வருவது கடினநீர். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்கிற தண்ணீரைக் குமிழிக்கு எடுக்க வேண்டாம். அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு கூடிக் கரையாத பிசுக்காகி மேலே மிதக்கும். பிசுக்குத் துணுக்குகள் தோலில் ஏறினால் நிறம் ஓடும் இடத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும்; தோலும் சீக்கிரம் கிழியும். மாரியில் பீலியிலிருந்து பிடித்த மழைநீர் மிக நல்லது. முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடியுங்கள், ஏனென்றால் கூரைத் தூசி எல்லாம் முதல் மழையில்தான் இறங்கும். கோடையில் ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணீர் போதும். அதுவும் இல்லையென்றால் கராச்சில் விற்கும் பற்றரித் தண்ணீர் பொருந்தும். அது அமிலம் கலக்காத வெறும் வடிநீரா என்று கேட்டு வாங்குங்கள்.

கட்டிச் சவர்க்காரத்தை விடப் பாத்திரம் கழுவும் திரவம் நல்லது. கடினநீரிலும் அது அவ்வளவாகப் பிசுக்குக் கட்டாது. கண்டிஷனர் கலந்த ஷாம்பூவை எடுக்காதீர்கள். அதில் பெரும்பாலும் இருக்கும் சிலிக்கோன் நுரையைக் கொல்லும். சலவை இயந்திரத்துக்கென்று விற்கும் தூளிலும் நுரை அடக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள்.

2 லீற்றர் தண்ணீருக்கு 60 மில்லிலீற்றர் பாத்திரத் திரவம், 30 மில்லிலீற்றர் கிளிசரின். கிளிசரின் பாமசியில் கிடைக்கும். முதலில் கிளிசரினைக் கொஞ்சத் தண்ணீரில் கலக்கி, பிறகு மிச்சத் தண்ணீரை ஊற்றி, கடைசியாகத் திரவத்தைச் சேருங்கள். நுரை வராமல் கரண்டியால் மெதுவாகத் துழாவுங்கள். மூடி வைத்து சில மணி நேரம் விட்டால் கலங்கல் அடங்கும். மேலே மிதக்கும் சின்ன நுரைகளைக் காகிதத்தின் விளிம்பால் ஒரு பக்கம் தள்ளி எடுத்துவிடலாம்.

கிளிசரின் அளவுதான் உங்கள் கடிகாரம். அது தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கிறது, வடிவதையும் மெதுவாக்குகிறது. ஆடி, ஆவணியில் சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசிக் காற்று வறண்டிருக்கும்போது 2 லீற்றருக்கு 80 மில்லிலீற்றர் வரை போகலாம். கார்த்திகை, மார்கழி ஈரத்தில் 20 போதும். சில நாட்களில் அதுவும் வேண்டியதில்லை. கூடப் போட்டால் குமிழி நெடுநேரம் நிற்கும், ஆனால் வெளிறிய இளஞ்சிவப்பும் வெளிறிய பச்சையுமாகவே நிற்கும். நல்ல நிறம் வருவதற்குள் கழுத்து வலித்துவிடும். உடையாத குமிழி வேண்டுமென்று கிளிசரினை அள்ளிக் கொட்டுவதுதான் இந்த வேலையில் அதிகம் காணப்படும் தவறு.

தட்டு

32 சென்ரிமீற்றர் அகலமுள்ள வட்டத் தாம்பாளம் ஒன்று போதும். 2 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நிரப்பினால் ஏறக்குறைய 1.6 லீற்றர் கொள்ளும். உட்பக்கம் மினுக்கமில்லாத கறுப்பாக இருக்க வேண்டும். தோல் தன் மேல் விழும் வெளிச்சத்தில் அதிகம் போனால் 8 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது, மிச்சம் ஊடுருவிப் போய்விடுகிறது. அடியில் வெள்ளைத் தட்டோ சில்வர் தாம்பாளமோ இருந்தால் ஊடுருவிய வெளிச்சம் அங்கே பட்டு மேலே வந்து, அந்த 8 சதவீதத்தை மூழ்கடித்துவிடும். கறுப்பு மற் பெயின்ற் இரண்டு பூச்சு அடித்து இரண்டு நாள் காயவிட்டால் சரி. அவசரத்துக்குக் கறுப்புப் பொலித்தீன் விரிக்கலாம்; ஆனால் அது மினுங்கும், சுருக்கமும் விழும்.

தட்டை மேசையில் வைக்காமல் நேரே சீமெந்துத் தரையில் வையுங்கள். மரமேசையில் ஒருவர் கை ஊன்றினாலே தண்ணீர் நடுங்கும். தட்டையும் ஸ்ரோவையும் தொடும் கையில் தேங்காயெண்ணெய் இருக்கக் கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்த விரலால் தண்ணீரை ஒருமுறை தொட்டாலே போதும், எண்ணெய் மேற்பரப்பில் பரவிச் சவர்க்காரப் படலத்தை விலக்கிவிடும். அந்தத் தட்டில் பிறகு எந்தக் குமிழியும் நிலைக்காது. அப்படி நடந்தால் கரைசலை ஊற்றிவிட்டுத் தட்டைக் கழுவிப் புதிதாகத் தொடங்குவதே சுருக்கமான வழி.

வெளிச்சம்: வெள்ளை வாளி

தண்ணீர்மேல் நிற்கும் குமிழி, பெரிதாக இருந்தால், கிட்டத்தட்ட அரைக்கோளம். சில மில்லிமீற்றர் அளவுள்ளவை மட்டும் பெரும்பாலும் தண்ணீருக்குள் அமிழ்ந்து முழுக்கோளமாக இருக்கும். அரைக்கோளம் ஒரு குவிவாடி. எதிரே இருப்பதையெல்லாம் சின்னதாக்கிக் காட்டும். வெயிலில் வைத்தால் அது காட்டுவது சூரியனை மட்டும்தான்: ஒரு கூர்மையான வெள்ளைப் பொட்டு, சுற்றிலும் ஒன்றுமில்லை. கமராவின் பிளாஷை நேரே அடித்தாலும் அதே கதை. குமிழி முழுவதும் நிறம் வேண்டுமென்றால் அதைச் சுற்றி முழுவதும் வெள்ளை வேண்டும்.

இதற்கு 10 லீற்றர் வெள்ளைப் பிளாஸ்ரிக் வாளியே மிகப் பொருத்தம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கைவிரல்களின் நிழல் தெரிகிற அளவுக்கு மெல்லியதாகப் பார்த்து எடுங்கள். அடிப்பக்கத்தின் நடுவில் 9 சென்ரிமீற்றர் அகலத்துக்கு வட்டமாக வெட்டுங்கள். வாய்ப்பக்கத்தில் கொஞ்சம் அரிந்து, உயரம் 20 முதல் 22 சென்ரிமீற்றருக்குள் இருக்கும்படி செய்யுங்கள். அதைக் கவிழ்த்து, விளிம்பு கரைசலுக்குள் அமிழும்படி தாம்பாளத்தில் வையுங்கள். விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருந்தால் காற்றுக் குழாயை நுழைக்கலாம். மேலே துளையில் லென்ஸ் வரும். வெளியே இரண்டு பக்கமும் இரண்டு பிளாஷ், அல்லது இரண்டு எல்.ஈ.டி. விளக்குகள்.

இந்த வாளி மூன்று வேலை செய்கிறது. வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் பரப்புகிறது, காற்றை மறிக்கிறது, தண்ணீருக்கு மேலே ஈரக்காற்றைப் பிடித்து வைக்கிறது. வறண்ட காலத்தில் திறந்த தட்டில் சில செக்கன்களில் உடைகிற குமிழி, வாளிக்குள் நிறவரிசையை முழுவதுமாகக் காட்டும்வரை நிற்கும்.

துளை ஏன் 9 சென்ரிமீற்றர்? தண்ணீர் தட்டையான கண்ணாடி. குமிழியின் நடுவிலிருந்து 2 சென்ரிமீற்றரில் உள்ள தண்ணீர், மேலே நடுவிலிருந்து ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் தள்ளியுள்ள இடத்தைக் கமராவுக்குக் காட்டும். துளை சின்னதாக இருந்தால் வாளியின் வெள்ளை அங்கே தெரிந்து, பின்னணி சாம்பல் நிறமாகிவிடும். 9 சென்ரிமீற்றரில் அந்த இடம் துளைக்குள் விழுவதால் தண்ணீர் கறுப்பாக நிற்கும். இதற்கு ஒரு விலை உண்டு: குமிழியின் உச்சியில் துளையின் கறுப்பு வட்டம் தெரியும். 20 சென்ரிமீற்றர் உயரத்தில் அதன் ஆரை குமிழியின் ஆரையில் பத்தில் ஒரு பங்குதான். வாளியின் உயரத்தைப் பாதியாக்கினால் வட்டம் இரு மடங்காகும். துளைக்கு மேலே கமராவைச் சுற்றி வெளிச்சம் படாமல் கறுப்புத் துணி ஒன்றைப் போடுங்கள்.

இன்னொன்றையும் எதிர்பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது நடுவிலிருந்து ஆரையின் 70 சதவீதம் வரைதான் வாளியின் வெள்ளை தெரியும். அதற்கு வெளியே குமிழியின் சரிவு 45 பாகைக்கு மேல் போவதால் அந்தப் பகுதி தண்ணீரைக் காட்டும், இருண்டிருக்கும். இது பிழையல்ல, அந்த இருண்ட விளிம்புதான் படத்தில் குமிழிக்குத் திரட்சி தருகிறது.

வாளிக்குப் பதில் வெள்ளை உரப்பையைக் கட்டுகிறவர்கள் உண்டு. அதன் நெசவு குமிழியில் கட்டம் கட்டமாகத் தெரியும். வெள்ளை வேட்டித் துணி அதைவிட நல்லது, ஆனால் காற்றுக்கு அசையும்.

மலிவான எல்.ஈ.டி. விளக்குகள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் செக்கனுக்கு 100 தடவை மினுக்கும். வேகமான ஷட்டரில், அதிலும் போனில், படத்தின் குறுக்கே பட்டைகள் விழும். 1/50 அல்லது 1/100 செக்கனில் எடுத்தால் பட்டை நீங்கும். ஆனால் நிறங்கள் ஓடுவதால் 1/50 கலங்கலாக வரக்கூடும். பவர் பேங்கில் எரியும் விளக்குகளில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, பிளாஷில் அறவே இல்லை. பழைய சுருள் வடிவ சி.எஃப்.எல். விளக்கு வீட்டில் கிடந்தால் எறியாதீர்கள். அதன் வெளிச்சம் சில குறுகிய நிறங்களாலானது. வெயிலில் வெளிறித் தெரியும் தடித்த தோலிலும் அது நெருக்கமான வரிகளைக் காட்டும்.

குமிழியை ஊதுதல்

4 சென்ரிமீற்றர் அகலமான அரைக்குமிழிக்கு 17 மில்லிலீற்றர் காற்று வேண்டும். 5 சென்ரிமீற்றருக்கு 33. ஆகவே 20 அல்லது 50 மில்லிலீற்றர் சிரிஞ்சும், சேலைன் ஏற்றும் மெல்லிய குழாயில் ஒரு முழமும் இருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் குமிழி வரும். அளவு மாறாவிட்டால் போகஸும் மாறாது. இந்த ஒரு வசதிக்காகவே சிரிஞ்சு வாங்கலாம். ஊசியைப் பொருத்த வேண்டாம். வாயால் ஊதுவதானால் ஸ்ரோவோ பப்பாசி இலைக்காம்போ போதும். மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு தோலுக்கூடாகச் சீக்கிரம் வெளியேறுவதால் வாயால் ஊதிய குமிழி மெல்லச் சுருங்கும். அதற்கேற்ப போகஸைத் திருத்த வேண்டியிருக்கும்.

குழாயின் நுனியைக் கரைசலில் நனைத்து, துளைக்கு நேர் கீழே தண்ணீரின் மேற்பரப்பைத் தொடும்படி வைத்து மெதுவாக அழுத்துங்கள். நுனி வெளியே எங்கும் காய்ந்திருக்கக் கூடாது. காய்ந்த இடம் தோலைக் கிழிக்கும். முடிந்ததும் குழாயைத் தண்ணீருக்கடியால் பக்கவாட்டில் இழுத்து எடுங்கள். மேலே தூக்கினால் குமிழியும் கூடவே போகும். குமிழி ஓரத்தை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். தட்டு மட்டமாக இல்லாததால் அல்ல, வாளியின் சுவரருகே தண்ணீர் சற்று ஏறி நிற்பதால் அது அங்கே இழுபடுகிறது. கறுப்புப் பெயின்ற் அடித்த 4 சென்ரிமீற்றர் மூடியொன்றைத் தட்டின் நடுவில் ஒட்டி, அதன் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு மயிரளவு மேலே இருக்கும்படி நிரப்பினால், அந்த விளிம்பில் குமிழி பிடித்து நிற்கும்.

லென்ஸும் அளவும்

100 மில்லிமீற்றர் மக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. ஆனால் 1:1 பெருக்கம், அதாவது பொருள் தன் அசல் அளவிலேயே சென்சரில் (கமராவுக்குள் படம் பதியும் தகட்டில்) விழுவது, வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. ஏ.பி.எஸ்.-சி வகைக் கமராவின் சென்சர் ஏறக்குறைய 24க்கு 16 மில்லிமீற்றர். 4 சென்ரிமீற்றர் குமிழி முழுவதும் அதற்குள் வர, பெருக்கம் 0.4க்குள் போதும். தோலில் ஓடும் சுழிகளை மட்டும் எடுக்கத்தான் 1:1. மக்ரோ லென்ஸ் இல்லாதவர்கள் 50 மில்லிமீற்றர் லென்ஸுக்குப் பின்னால் 25 மில்லிமீற்றர் நீட்சிக் குழாய் போட்டால் 0.5 பெருக்கம் கிடைக்கும். ஆனால் லென்ஸ் குமிழிக்கு மிகவும் கிட்டப் போவதால் உச்சியிலுள்ள கறுப்பு வட்டம் பெருக்கும்.

போனிலும் எடுக்கலாம். அதன் மக்ரோ வசதியைப் பாவிக்க வேண்டாம். அது 3, 4 சென்ரிமீற்றருக்கு வரச் சொல்லும், அந்தத் தூரத்தில் குமிழியின் நடுவில் போனின் உருவமே பெரிதாகத் தெரியும். முதன்மைக் கமராவில் 2 மடங்கு வைத்து, 10 சென்ரிமீற்றரில் போகஸ் ஆகும் கிளிப் லென்ஸ் மாட்டுங்கள். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் போகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள்.

சுழல் போலரைசர் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். தண்ணீரின் பளபளப்பைக் குறைக்க உதவும் அதே கண்ணாடி இங்கே நிறத்தையே அழிக்கும். தோலிலிருந்து 53 பாகையில் திரும்பும் வெளிச்சத்தை அதனால் முழுவதுமாக மறிக்க முடியும். சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் இருக்கட்டும். குமிழி உடையும்போது நுண்துளிகள் மேலே தெறிக்கும்.

போகஸ்

பெரும்பாலான படங்கள் கெடுவது இங்கேதான். குவிவாடிக்குள் தெரியும் வெளிச்சத்தின் உருவம் தோலில் இல்லை. ஆரையின் பாதி அளவுக்கு உள்ளே இருக்கிறது. 4 சென்ரிமீற்றர் குமிழியில் அது தோலிலிருந்து 1 சென்ரிமீற்றர் கீழே. தானியங்கிப் போகஸ் பிடிப்பது வாளித் துளையின் கூர்மையான விளிம்பை. நிற வரிகளை அல்ல. கமராத் திரையில் எல்லாம் கூர்மையாகத் தோன்றும், வீட்டில் கணினியில் திறந்தால் துளை மட்டும் தெளிவாக, நிறங்கள் பஞ்சாக இருக்கும். தானியங்கியை அணைத்துவிட்டு, திரையைப் பெருக்கி, ஓடும் சுழியின் விளிம்பைப் பார்த்துக் கையால் திருத்துங்கள். சுழி இன்னும் வராவிட்டால் குமிழியின் தோளில் ஒட்டியிருக்கும் சின்ன நுரையைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஏ.பி.எஸ்.-சியில் எஃப் 11 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சின்னது), 0.5 பெருக்கத்தில் தெளிவு நிற்கும் ஆழம் 2.6 மில்லிமீற்றரளவு. உச்சிக்குச் சற்றுக் கீழே போகஸ் வைத்தால் 4 சென்ரிமீற்றர் குமிழியில் 2 சென்ரிமீற்றர் அகலமான வட்டம் தெளிவாக வரும். 1:1இல் ஆழம் 0.9 மில்லிமீற்றராகி, வட்டம் 12 மில்லிமீற்றராகச் சுருங்கும். எஃப் 16க்கு மேல் மூடினால் ஆழம் கூடும், ஆனால் சின்னத் துளையின் விளிம்பில் வெளிச்சம் வளைவதால் முழுப்படமும் மென்மையாகிவிடும். பல போகஸில் எடுத்து அடுக்கும் முறை இங்கே சரிவராது; இரண்டு படங்களுக்கிடையில் நிறங்கள் இடம் மாறிவிடும்.

தொடக்க அளவுகள்: எஃப் 11, 1/200 செக்கன், ஐ.எஸ்.ஓ. 400, இரண்டு பிளாஷும் 1/8 வலுவில். வெள்ளைச் சமநிலையைப் பிளாஷுக்குப் பூட்டி, ரோ கோப்பாக (கமரா திருத்தாத மூலக் கோப்பாக) எடுங்கள். வெளிச்ச அளவைக் கமராவிடம் விட்டால் கறுப்புப் பின்னணியைப் பார்த்துப் படத்தை வெளுக்க வைக்கும். வெளுத்த இடத்தில் பொன்னும் பச்சையும் ஒன்றாகிவிடும்.

நிறங்களின் வரிசை

குமிழி நின்றதும் தோலிலுள்ள தண்ணீர் கீழே வடியத் தொடங்குகிறது. மேலே மெல்லியதும் கீழே தடித்ததுமாக ஆவதால் நிறங்கள் உச்சியைச் சுற்றிய வளையங்களாக நிற்கும். ஊதியவுடன் வெளிறிய இளஞ்சிவப்பும் பச்சையும் மாறி மாறி வரும். தோல் இன்னும் தடிப்பு. தடிப்பு 400 நனோமீற்றருக்குக் (ஒரு நனோமீற்றர் மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) கீழே இறங்கும்போது சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று அடர்ந்த நிறங்கள் வரும். 200க்குக் கிட்ட ஊதாவும் கத்தரிப்பூ நிறமும். அதற்கும் கீழே செம்பொன், மஞ்சள், 100 அளவில் வெள்ளி. பிறகு நிறமே இல்லாத சாம்பல், கடைசியில் கறுப்பு. கறுப்பு என்றால் ஓட்டையல்ல. தோல் 30 நனோமீற்றருக்குள் போய்விட்டது, வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் திரும்பும் வெளிச்சங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இந்த வரிசையை நியூட்டன் 1704இலேயே எழுதிவைத்துவிட்டார்.

படமெடுக்க மிக நல்ல காலம் 400க்கும் 200க்கும் இடைப்பட்டது. உச்சியில் கறுப்புப் பொட்டு தோன்றி அதைச் சுற்றி வெள்ளி, பொன், ஊதா, நீலம் என்று வளையங்கள் நெருங்கி நிற்கும் கணம் அதைவிட அழகு, ஆனால் எப்போது உடையுமென்று சொல்ல முடியாது. பொன் நிறம் உச்சிக்கு வந்ததும் தொடர்ந்து அழுத்துங்கள். உடைவதைக் கண்டபின் அழுத்திப் பயனில்லை: 200 நனோமீற்றர் தோலில் கிழிசல் செக்கனுக்கு 15 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடும், 4 சென்ரிமீற்றர் குமிழி சில மில்லிசெக்கன்களில் முடிந்துபோகும்.

குமிழியின் அடிவிளிம்பை மறக்காதீர்கள். தோல் தண்ணீரைத் தொடும் இடத்தில் மெல்லிய திட்டுக்கள் உருவாகி, அடுப்புப் புகை போலச் சுருண்டு மேலே ஏறும். சுழிகளுக்காக அலைகிறவர்கள் உச்சியை விட்டு இந்த விளிம்பைத்தான் குறிவைக்க வேண்டும். அதற்குக் கமராவைச் சாய்த்து வைக்க வேண்டும். வாளியின் துளையையும் ஒரு பக்கமாக வெட்டிக்கொள்ளலாம். சுழி எழாமல் வளையங்கள் அசையாமல் நின்றால், துளை வழியாக மெல்ல ஒருமுறை ஊதுங்கள்.

இரண்டு மூன்று குமிழிகளை ஒட்ட விட்டால் படம் இன்னும் வளமாகும். மூன்று தோல்கள் சேருமிடத்தில் கோணம் எப்போதும் 120 பாகை. ஒன்று சின்னது, ஒன்று பெரிது என்றால் நடுச்சுவர் பெரியதை நோக்கிப் புடைக்கும். சின்னதற்குள் அழுத்தம் அதிகம். இந்த விதிகளை 1873இல் தொகுத்து வெளியிட்ட பெல்ஜிய அறிஞர் ஜோசப் பிளாத்தோ, அப்போது பல ஆண்டுகளாகப் பார்வையிழந்திருந்தவர். மற்றவர்கள் பார்த்துச் சொல்ல அவர் கணித்தார். ஒட்டிய குமிழிகளின் நடுச்சுவர் தனி நிறத்தில் ஓடும், அதன் மேல் பக்கத்துக் குமிழியின் நிறமும் விழும்.

வெளியில், குளத்தருகே

வாளி இல்லாமலும் எடுக்கலாம். வானத்தையே வாளியாக்க வேண்டும். முழுவதும் மூடிய முகிலுள்ள காலை மிகச் சிறந்தது. நீலவானம் அழகாகத் தோன்றினாலும் அதன் வெளிச்சத்தில் சிவப்புக் குறைவு, பொன் நிறம் சோர்ந்துவிடும். சோளகம் வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை திறந்தவெளியில் முயல வேண்டாம். காற்றும் வறட்சியும் கிரவல் வீதிகளின் தூசியும் சேர்ந்து குமிழியை நிற்க விடாது. பங்குனி, சித்திரையில் காற்றடங்கிய விடியற்காலையும், மாரியில் இரண்டு மழைக்கு நடுவிலான நேரமும் நல்லவை.

கறுப்புத் தாம்பாளத்தைக் குளக்கட்டில் வைத்துக் குமிழியை ஊதினால், கட்டுமேலுள்ள மருதமரமும் பனையும் அதில் இரண்டு தடவை தெரியும்: முன்தோலில் நேராக, பின்தோலின் உட்பக்கத்தில் தலைகீழாக. இந்த இரட்டை உருவத்துக்காக 30 பாகையளவில் தாழ்ந்து எடுங்கள். வானத்தின் ஒரு புள்ளியில் மட்டும் வெளிச்சத்தை அளந்து (ஸ்பொட் அளவு), அதிலிருந்து நான்கு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்டினால் நிறங்கள் சரியாக வரும். நேர்வானம் சட்டத்துக்குள் வந்தால் வெளுத்துவிடும், ஆகவே அதை வெளியே வையுங்கள்.

சவர்க்காரத்தைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். மீன்குஞ்சுகள் மூச்சுவிடும் பூக்களையும் தவளைக்குஞ்சுகளையும் அது பாதிக்கும். வேலை முடிந்ததும் கரைசலைப் போத்தலில் நிரப்பிக் கொண்டுவந்து, கிணற்றிலிருந்து தள்ளி வெறுந்தரையில் ஊற்றுங்கள். தட்டில் தண்ணீரை விட்டுவைத்தால் நுளம்பு பெருகும். வன்னிக் குளங்களில் முதலை உண்டு. தண்ணீர் விளிம்பில் குந்தியிருந்து வியூபைண்டருக்குள் கண்ணை வைத்திருக்க வேண்டாம், தாம்பாளம் கட்டில் இருக்கும்போது அதற்குத் தேவையுமில்லை. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கமும், ஆட்கள் நடமாடாத பற்றையும் வேண்டாம்.

சவர்க்காரமே இல்லாத குமிழிகளும் உண்டு. இரணைமடுக் குளமோ முத்தையன்கட்டோ வவுனிக்குளமோ நிரம்பி வான் பாயும்போது கீழே வெள்ளை நுரை கட்டும். அழுகிய இலைதழைகளிலிருந்து கரைந்த பொருட்கள்தான் அந்த நுரையைத் தாங்குகின்றன. வேகமாக ஓடும் தண்ணீரிடம் போகாமல், வாய்க்கால் திருப்பத்தில் ஒதுங்கி நிற்கும் நுரையைத் தேடுங்கள். இங்கே குமிழிகள் சில மில்லிமீற்றர், சில செக்கன். 1/500, ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 8 என்று தொடங்கி, 1:1இல் கையில் பிடித்தே எடுக்கலாம்.

வயல் வரம்போரம் தேங்கிய தண்ணீரில் எண்ணெய் போல மினுங்கும் படலம் இன்னொரு நல்ல பொருள். ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுகளாக உடைந்து பிரிந்து நின்றால் அது இரும்பு பக்ரீரியாக்களின் படலம். சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்தால் உழவு இயந்திரத்தின் எண்ணெய். உடைந்த சில்லுகள்தான் படத்துக்கு நல்லவை, ஒவ்வொன்றும் வேறு நிறத்தில் நிற்கும். படலம் தட்டையானதால் வானம் பிரதிபலிக்கும் கோணத்தில் மட்டுமே நிறம் தெரியும். உங்கள் நிழலோ தொப்பியோ அந்த இடத்தில் பிரதிபலித்தால் நிறம் அணைந்துவிடும். வெளிச்சமான முகிலுக்கு எதிர்ப்பக்கம் நின்று, செங்குத்திலிருந்து 30 முதல் 40 பாகை சாய்த்து, எஃப் 16இல் எடுங்கள்.